தோட்டப்பகுதியில் வைன் திராட்சை: சுண்ணாம்புக்கல் போட்டால் சுவை வருமா?

தெம்பனிஸ்_கொடி கேட்டது:

சிங்கப்பூரில், பூங்காவில் வாடகைக்குக் கொடுக்கும் மேடைப் பாத்தி ஒன்று கிடைத்திருக்கிறது. நீளம் இரண்டரை மீட்டர், அகலம் ஒரு மீட்டர். ஷிராஸ், மஸ்கட் என்ற திராட்சை ரகங்களில் ஒவ்வொன்று நட எண்ணம். பிரான்சின் ஷப்லி வைனுக்குச் சுண்ணாம்பு மண், ஜெர்மனியின் மோசல் வைனுக்குச் சிலேட் கல், அந்தக் கல்லின் ருசிதான் வைனில் தெரிகிறது என்று பல இடங்களில் படிக்கிறேன். அப்படியானால் மண்ணில் பாதிக்குப் பாதி சுண்ணாம்புக்கல் சில்லு கலக்கலாமா?

இன்னொன்று: நம் தேனி மாவட்டக் கம்பத்தில் பன்னீர் திராட்சை அமோகமாக விளைகிறது. அதுவும் வெயில் பூமிதானே. இங்கே தொட்டியில் இருக்கும் கொடி 14 மாதமாக இலையும் பற்றுக்கம்பியுமாகவே ஓடுகிறது, பூவே இல்லை. ஏன்?

வேர்_பாறை எழுதியது:

சில்லு வேண்டாம். கல்லின் ருசி வேர் வழியாகப் பழத்துக்கு ஏறுவதில்லை. வேர் எடுப்பது தண்ணீரும், அதில் கரைந்த பொட்டாசியம், கால்சியம் போன்ற உப்புகளும்தான். பாறையின் உண்மையான வேலை தண்ணீரை அளந்து கொடுப்பது. பிரான்சின் போர்டோவில் கெரார் செகின் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியதும் இதைத்தான். அதே வட்டாரத்தின் மெடோக்கில் கூழாங்கல் மேடு, பொமெரோலில் களிமண். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் இரண்டிலும் உயர்ந்த வைன் வருகிறது. பழம் நிறம் மாறும் நேரத்தில் கொடிக்கு லேசாகத் தாகம் எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு மண்ணும் வழி செய்கின்றன. பிரான்சின் ஷாம்பேன் பகுதியின் சாக்குக்கல், அதாவது மிருதுவான வெள்ளைச் சுண்ணாம்புக்கல், மழைநீரை நுண்துளைகளில் பிடித்து வைத்து, வறண்ட நாளில் மெல்ல மேலே விடுகிறது. மோசல் 50 பாகை வடக்கில் இருக்கும் குளிர்ப் பிரதேசம். அங்கே கறுத்த சிலேட் பகல் வெயிலை வாங்கி வைப்பதே பெரிய உதவி.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை, மழையில்லாத மாதம் என்று ஒன்று இல்லை. எந்தக் கல்லைப் போட்டாலும் மேலே திறந்திருக்கும் குழாயை மூட முடியாது. சூடும் நமக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது.

பாதிக்குப் பாதி சுண்ணாம்பு போட்டால் நடக்கப்போவது வேறு. மண்ணின் கார அமில அளவு (pH) 8க்குப் பக்கம் போகும், இரும்புச்சத்து மண்ணிலேயே பூட்டிக்கொள்ளும், இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக இருக்க மற்றதெல்லாம் மஞ்சளாகும். பிரான்சே பட்ட பாடு இது. வேரைத் தாக்கும் ஃபிலாக்சரா பூச்சிக்குத் தப்ப அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டினார்கள். சுண்ணாம்பு நிலத்தில் அவை வெளுத்துப்போயின. 1887இல் பியேர் வியாலா என்ற பிரெஞ்சுத் திராட்சை ஆய்வாளர் அமெரிக்கா போய், டெக்சஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் காட்டுத் திராட்சையைக் கண்ட பிறகுதான் வழி பிறந்தது.

நம் தீவின் சொந்த மண் இதற்கு நேரெதிர். புக்கித் தீமா கருங்கல் வெயிலிலும் மழையிலும் மக்கிப்போன, அமிலம் மிகுந்த செங்களிமண், கிழக்கே பழைய வண்டல். ஆனால் மேடைப் பாத்தியில் இருப்பது வாங்கிக் கொட்டிய கலவை, அதனால் அளந்து பார்க்காமல் எதையும் போடாதீர்கள். கார அமில அளவு 5.5க்குக் கீழே இருந்தால் சதுர மீட்டருக்கு 150 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூள், உங்கள் பாத்திக்கு 375 கிராம். நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். 6க்கும் 6.5க்கும் நடுவே நின்றால் போதும். கல் போட்டே ஆகவேண்டும் என்றால் பியூமிஸ் கல்லோ கரடுமுரடான பெர்லைட்டோ மூன்றில் ஒரு பங்கு கலக்கலாம். அது ருசிக்கல்ல, தண்ணீர் வடிய.

பந்தல்_கவாத்து எழுதியது:

பூ வராததற்கு மண் காரணமல்ல. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, எல்லாக் கண்ணும் ஒன்றாக விழிக்கும். இங்கே இரவு 24, 25 டிகிரி. அது தூங்குவதே இல்லை. நுனிமொட்டு மட்டும் ஓடும், கீழ்க்கணுக்கள் செத்ததுபோல் கிடக்கும்.

கலிஃபோர்னியாவில் அமெரின், விங்க்ளர் என்ற இரு ஆய்வாளர்கள் வைன் திராட்சைப் பகுதிகளைச் சூட்டைக் கொண்டு ஐந்து மண்டலமாகப் பிரித்து 1944இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 10 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை ஏழு மாதம் நாள்தோறும் கூட்டினால், மிகச் சூடான ஐந்தாம் மண்டலம் 2,222இல் தொடங்குகிறது. சிங்கப்பூரின் சராசரி 27.8 என்று வைத்தால் அதே ஏழு மாதத்துக்கு 3,800 வருகிறது. இரவுச் சூட்டில் பழத்துக்குப் புளிப்புத் தரும் மாலிக் அமிலம் எரிந்துபோகும், தோலில் சாயம் சரியாகப் பிடிக்காது. ஷிராஸ் சர்க்கரை ஏறியும் சப்பென்று வெளிறி நிற்கும். அதை விட்டுவிடுங்கள்.

கம்பம் வெயில் பூமி என்பது பாதி உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. மழை இங்கே பெய்வதில் பாதிகூட இல்லை, காற்று வறண்டது. அதற்கும் மேல், அங்கே கொடியைத் தூங்க வைப்பது விவசாயியின் கத்தரி. மகாராஷ்டிரத்தின் நாசிக்கையே பாருங்கள்: ஏப்ரலில் ஒரு கவாத்து (கிளை வெட்டுதல்), அக்டோபரில் ஒரு கவாத்து. முதலாவது பழத்துக்கல்ல; அடுத்த பூங்கொத்து மொட்டுக்குள் உருவாகும் காலம் அது, அப்போது மொட்டின் மேல் வெயில் விழவேண்டும். இலை அடர்ந்து நிழல் விழுந்தால் பூங்கொத்தாக வேண்டியது பற்றுக்கம்பியாகிவிடும். உங்கள் கொடியின் கதை இதுதான்.

ரகம் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், அல்லது பெங்களூர் நீலம். பின்னது பறவைக்கண் என்ற புள்ளி நோயைத் தாங்கும், இலையின் அடியில் படரும் அடிச்சாம்பல் நோயைத் தாங்காது. பாலித் தீவில் வைனுக்கு அல்ஃபோன்ஸ் லவாலே என்ற ரகம் போடுகிறார்கள், அதையும் பார்க்கலாம்.

தெம்பனிஸ்_கொடி:

நன்றி அண்ணே. கவாத்து எந்த மாதம்? மொட்டை எழுப்ப ஹைட்ரஜன் சயனமைடு பூசுகிறார்களே, வாங்கலாமா?

பந்தல்_கவாத்து:

அது கடும் நஞ்சு. கைபட்ட பின் மது அருந்தினால் உடம்பு மோசமாகத் திரும்பும். வீட்டுக் கொடிக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை முழுவதையும் கையால் உருவி, மறுநாள் பென்சில் தடிமனுள்ள முற்றிய கிளைகளை வெட்டுங்கள். மஸ்கட்டுக்கு ஐந்தாறு கணு விடலாம். கிளையை வளைத்துக் கட்டினால் கீழ்க்கணுவும் விழிக்கும்.

ஜனவரி நடுவில் வெட்டுங்கள். தளிரும் பூவும் பிப்ரவரி வறட்சியில் வரும். பழுக்கும் மே மாதத்தில் மத்தியான மழை உண்டு, அதற்குக் கூரைதான் தீர்வு. கொடியின் தண்டு முதலில் மரம்போல் முற்றவேண்டும். அதுவரை பழம் எதிர்பார்க்காதீர்கள்.

இலைக்காவல் எழுதியது:

கூரையைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் இங்கே கொடியைக் கொல்வது அடிச்சாம்பல். இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு, மேலே எண்ணெய்ப் புள்ளி. அதன் வித்துக்குக் காற்றின் ஈரம் மட்டும் போதாது, இலைமேல் நிற்கும் தண்ணீர் வேண்டும். ஆகவே தெளிவான பாலிகார்பனேட் தகடு, கொடியின் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மூடினால் புழுங்கும். உயரத்துக்குப் பூங்கா நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

அடிச்சாம்பலுக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கும் அனுமதி வேண்டியிருக்கலாம். அரை விழுக்காடு போதும்: ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் 5 கிராம், சுட்ட சுண்ணாம்பு 5 கிராம். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள், மாற்றி ஊற்றக்கூடாது. இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, இலை கருகும். அன்றே தெளித்து முடிக்கவேண்டும், காலையில், இலையின் அடிப்புறத்தில். செம்பு மண்ணில் தங்கிவிடும், வாராவாரம் அடிக்காதீர்கள்.

அந்தத் தொட்டிக் கொடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் இருந்தால் நடைபாதை 1.2 மீட்டர் விட்டிருக்கவேண்டும். தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் தட்டையும் எடுத்துவிடுங்கள்: கொசுவும் பெருகாது, வேரும் அழுகாது.