யூலை 23: சிலாபத்திலிருந்து வந்த சார்ஜன்ட்

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

யூலை 23 என்றால் எங்களுக்கு 1983 கறுப்பு யூலைதான். இந்த முறை அதே திகதியில் 2017இல் இறந்த ஒருவரையும் நினைக்கலாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2017 யூலை 22, சனிக்கிழமை பின்னேரம். யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயிலில் கொடியேற ஒரு கிழமை கூட இல்லை. மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியனின் வாகனம் கோயிலடிச் சந்தியில் நெரிசலில் அகப்பட்டு நின்றது. வழி எடுத்துக் கொடுக்கப் போன பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திரவின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைப் பறித்து, அதாலேயே அவரைச் சுட்டார்கள். இன்னொரு மெய்ப்பாதுகாவலரும் காயப்பட்டார். விடியமுன் பெரியாஸ்பத்திரியில் ஹேமச்சந்திரவின் உயிர் போய்விட்டது.

சிலாபத்துச் சிங்களவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். 15 வருடத்துக்கு மேல் அந்த ஒரே நீதிபதியோடுதான் திரிந்தவர்.

நீதிபதி அப்போது, 2015இல் நடந்த புங்குடுதீவு மாணவி வித்தியா கொலை வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர். குறி அவருக்கா, இல்லையா என்பதில் பொலிஸ் சொன்னது ஒன்று, அவர் சொன்னது வேறொன்று. அதற்குள் நான் போகவில்லை. செப்டெம்பர் 27 அந்த வழக்கில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு மாதம், அவ்வளவுதான் இடைவெளி.

போன வருடம் இதைக் கதைத்தபோது ஒரு அண்ணா, "அவங்கட பொலிஸுக்கு நாங்கள் ஏன் விளக்குக் கொளுத்துவான்?" என்று கேட்டார். கேள்வியில் பிழையில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்த கிழமை காக்கிச் சட்டைக்காரர் என்ன செய்தார்கள் என்று பார்த்த தலைமுறை அவர். எங்கள் வீட்டிலும் ஜீப் சத்தம் கேட்டால் அப்பா முதலில் படலையைத்தான் சாத்துவார்.

ஆனால் அம்மா அந்த வீடியோவைப் பார்த்த விதம் எனக்கு மறக்காது. இறந்தவரின் மனைவிக்கு முன்னால் அந்த நீதிபதி விழுந்து அழுகிறார். அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார், திரும்பப் போட்டார், போனை என்னிடமிருந்து வாங்கி இன்னொருதரம் பார்த்தார். பிறகு ஹேமச்சந்திரவைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பிள்ளையின்ர தாய் இருக்கிறாவோ?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

போன முறை ஊருக்குப் போனபோது அந்தச் சந்தியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். ஐஸ்கிறீம் குடித்துவிட்டு வருகிற சனம், சைக்கிள்கள், சின்னப் பிள்ளைகள். எந்த இடம் என்று கேட்டேன். ஓட்டோக்காரத் தம்பி நாடியால் காட்டி, "உதிலதான் அண்ணை, பாவம் மனுசன்" என்றார். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், எடுத்துவிட்டார்.

23ஆம் திகதி வழமைபோல மாலை கூடுகிறோம். அம்மா ஒரு விளக்குக் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கொண்டுவருவேன்.