தரங்கம்பாடி சீகன்பால்க் இல்ல அருங்காட்சியகம்: உங்கள் அனுபவங்கள்

அச்சுக்கூடத்து மகள்:

தமிழ் அச்சுக்கூடம் நடத்திய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க்கின் அந்த வீட்டை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நேரே அச்சுப்பொறி இருக்கும் அறைக்கே வந்துவிடுகிறேன். என் தந்தை கும்பகோணத்தில் 31 ஆண்டுகள் அச்சு எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவர். ஆப்செட் வந்தபின் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்ட நாளோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டவர். கோட்டையைக் காட்டத்தான் அவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றேன். வெயில் தாழும்வரை இருக்கலாம் என்று இந்த வீட்டுக்குள் நுழைந்தோம்.

சட்டத்தில் பூட்டியிருந்த ஈய எழுத்துகளின் அருகே குனிந்தவர், எனக்கு வெறும் கொக்கிகளாகத் தெரிந்த அந்தத் தலைகீழ் வரியை மடமடவென்று வாய்விட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து, சுவரில் மாட்டியிருந்த விளக்கப் பலகையைப் பார்த்தபடி நின்றார். அவருடைய இடது கை, எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக் ஒன்றை, இல்லாத அதைப் பிடித்திருப்பதுபோல் வயிற்றருகே மடங்கியிருந்தது. வலது கை காற்றில் இங்கும் அங்கும் பாய்ந்து, இல்லாத கேஸிலிருந்து, அதாவது எழுத்துப் பெட்டியிலிருந்து, எழுத்துகளைப் பொறுக்கி இடக்கையில் சேர்த்துக்கொண்டே இருந்தது. கண்கள் ஒருமுறைகூடக் கையைப் பார்க்கவில்லை.

நான் செய்தது என்ன தெரியுமா? "கோட்டையை மூடிடுவாங்க, வாங்கப்பா" என்று அவசரப்படுத்தினேன். கைகள் உடனே கீழே இறங்கிவிட்டன. தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊரில் அவர் எதைக் கோத்துக்கொண்டிருந்தார் என்று கேட்காமலே வந்துவிட்டேன்.

சுவடி வாசகர்:

சகோதரியின் பதிவை இருமுறை படித்தேன். ஆயினும் அதிலுள்ள ஒரு பிழையைத் திருத்தாமல் விட இயலவில்லை. தமிழ் முதன்முதலில் அச்சேறிய ஊர் தரங்கம்பாடி அன்று. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்னும் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது. சீகன்பால்க் தரங்கம்பாடியில் கால்வைத்த 1706-ஆம் ஆண்டுக்கு அது 128 ஆண்டுகள் முந்தியது. அதன்பின் கொச்சியிலும் புன்னைக்காயலிலும் அச்சு நடந்து, பிறகு ஓய்ந்துபோயிற்று. ஓய்ந்ததை மீண்டும் எழுப்பி நிலைபெறச் செய்ததே தரங்கம்பாடியின் பெருமை. 1715-இல் முழுமையாக வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, இந்திய மொழி எதிலும் முதலாவது. இந்தப் பெருமையே போதுமானதாக இருக்கும்போது, இல்லாத ஒன்றை ஏற்றிச் சொன்னால் உள்ளதையும் சந்தேகிப்பார்கள்.

என் அனுபவம் சிறியது. அங்கே ஓர் ஓலையை என் பேரனுக்குப் படித்துக் காட்ட முயன்று, முதல் சொல்லிலேயே தடுமாறினேன். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று பழைய எழுத்தர்கள் புள்ளியிடுவதில்லை. மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டும். "தாத்தா, உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா?" என்று அவன் உண்மையான கவலையோடு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

பொறையாற்றுக்காரர்:

எங்கள் ஊர் பொறையாற்றில் கடுதாசிப் பட்டறை என்று ஓர் இடம் உண்டு. பள்ளி நாட்களில் அதைத் தாண்டித்தான் போவேன். பெயருக்கு என்ன பொருள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு மழைநாளில் ஒதுங்குவதற்காகத் தரங்கம்பாடியில் அந்த வீட்டுக்குள் போனபோதுதான், மிஷன் அச்சகத்துக்குத் தாள் போதாமல் பொறையாற்றில் காகித ஆலை ஏற்படுத்தினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டேன். ஆலை நெடுநாள் ஓடவில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கள் வாயில் முந்நூறு ஆண்டுகள் ஓடியிருக்கிறது! வெளியே மழை விட்ட பிறகும் நான் கிளம்பவில்லை.

சுவடி வாசகரிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டுக் கணக்கில் அவர் சொன்னது சரி. எனினும் 1578-இன் கதையைக் கேட்க ஒருவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? 2004 டிசம்பரில் கடல் ஏறிவந்த கரை எங்களுடையது. தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அதற்கும் வெகுகாலம் முன்பே அலை கொண்டுபோய்விட்டது. இங்கே ஒரு வீடு நிமிர்ந்து நிற்பதே பெரிது. அந்தச் சகோதரி ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லியிருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏழாம் வகுப்பு ஆசிரியை:

நான் 42 பிள்ளைகளுடன் போனேன். ஒரு சிறுமி வாசலிலேயே குந்தி, மணலில் விரலால் தன் பெயரை எழுதினாள்; ஏன் என்று கேட்டதற்கு, "சீகன்பால்க்கும் இப்படித்தானே டீச்சர் கத்துக்கிட்டாரு" என்றாள். இதுவே நான் சொல்ல வந்தது.

பிள்ளைகளை அழைத்துச் செல்லவிருப்போருக்குச் சில சொற்கள். முதலில் கோட்டைக்குப் போகாதீர்கள். 1620-இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையையும் கடலையும் ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு எந்த வீட்டுக்குள்ளும் அவர்களைக் கட்டி நிறுத்த முடியாது. நகர வாயிலில் இறங்கி ராஜ வீதி வழியாக நடத்தியே கூட்டிவாருங்கள். உள்ளே நுழையும் முன்பே அந்தத் திண்ணைப் பள்ளிக் கதையைச் சொல்லிவிடுங்கள்: வயது முதிர்ந்த தமிழ் வாத்தியார் ஒருவர் தம் மாணவர்களோடு சீகன்பால்க்கின் இருப்பிடத்துக்கே வந்து பாடம் நடத்தியதையும், சீகன்பால்க் அந்தச் சிறுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியதையும் கேட்டபின், பிள்ளைகளுக்கு அவர் தங்களைப் போன்ற ஒரு மாணவராகிவிடுவார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியில் அச்சிட மறுத்தார்கள் என்பதையும், அது 1867-இல்தான் வெளிவந்தது என்பதையும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கேள்விகள் தாமாக வரும். கடைசியாக 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவருடைய கல்லறையைக் காட்டுங்கள். 36 வயதில் இறந்தார் என்றதும், "எங்க அப்பா வயசு" என்று என் வகுப்பில் ஒருவன் மெல்லச் சொன்னான்.

குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். குறிப்பேட்டில் நிரப்பும் வேலை எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கண்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.

சகோதரி, உங்கள் தந்தை இருக்கிறார் அல்லவா? இப்போதும் கேட்கலாமே.

அச்சுக்கூடத்து மகள்:

சுவடி வாசகர் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆசிரியை சொன்னபடி நேற்று இரவு, சாப்பாட்டுக்குப் பின் அப்பாவிடம் கேட்டேன். ஏதாவது பெரிய நூலின் வரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். "நிகழும் மங்களகரமான" என்றார். ஆயிரக்கணக்கான கல்யாணப் பத்திரிகைகளுக்குக் கோத்த முதல் வரி. முகூர்த்த மாதங்களில் கேஸில் 'ங்' எழுத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு வருமாம். மங்களத்துக்கு ஒன்று, பிறகு சுற்றமும் நட்பும் சூழ "தாங்கள்" வரவேண்டும் என்பதற்கு ஒன்று. அதனால் காலையில் முதல் ஆளாகப் போய், பத்துப் பதினைந்து 'ங்' எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது அவருடைய கை தானாகவே சட்டைப் பைக்குப் போயிற்று.