பூட் நிரம்பிவிட்டது, ஆட்டோரிமூவ் எதையும் எடுக்க மாட்டேன் என்கிறது

நூல்கடை கணக்கன்:
வணக்கம். கரூரில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். பில்லிங் ஓடும் உபுண்டு 22.04 சர்வரும் என் தலையில்தான். நேற்று ராத்திரி கடை அடைத்ததும் அப்டேட் போட்டேன். 5.15.0-101 கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இறங்கி, அது துவங்கத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலை உருவாக்கும்போது இடமில்லை என்று நின்றுவிட்டது. டிஎஃப் போட்டுப் பார்த்தால் டிஸ்கில் பாதிக்கு மேல் காலி, கெர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் மட்டும் 100 சதவீதம். அதற்கு அரை ஜிபி மட்டும் ஒதுக்கிய புண்ணியவான் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது.

இப்போது பேக்கேஜ் நிறுவும் ஆப்ட்டில் எதைத் தொட்டாலும், பாதியில் நிற்கும் கெர்னலையும் சேர்த்து முடிக்கப் பார்த்து அதே பிழையில் விழுகிறது. உள்ளே 88, 91, 94, 97 என்று நாலு கெர்னல் உட்கார்ந்திருக்கின்றன. தேவையில்லாததைத் தானே நீக்கும் ஆட்டோரிமூவ் போட்டால் ‘நீக்க 0’ என்கிறது. 9 மணிக்குக் கடை திறக்கணும். ரீபூட் செய்யப் பயமாக இருக்கிறது.

ராக்கோழி:
பூட்டுக்குள் போய் 88, 91 இனிட்ஆர்டி (அதே இனிட்ராம்எஃப்எஸ்) ஃபைலை ஆர்எம் போட்டு அழியுங்க. ஒவ்வொன்றும் 100 எம்பி பக்கம் இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

பழைய டெபியன்:
வேண்டாம் தம்பி. ஃபைல் போய்விடும், எது எது நிறுவியிருக்கிறது என்று குறித்து வைக்கும் டிபிகேஜி கணக்கில் கெர்னல் அப்படியே இருக்கும். சரக்கை விற்றுவிட்டு ஸ்டாக் நோட்டில் கழிக்காமல் விடுவது மாதிரி.

யூநேம் போட்டு இப்போது எந்தக் கெர்னலில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். அதைத் தொடக் கூடாது. அதற்கு முந்தையது ஒன்றையும் அவசரத்துக்கு விட்டுவையுங்கள். மற்றதைப் பேர் சொல்லி பர்ஜ் (முழுசாக நீக்கம்) செய்யுங்கள். அப்புறம் பாதியில் நிற்பதை முடிக்க டிபிகேஜியில் கான்ஃபிகர் பெண்டிங் கொடுத்தால் 101 தானே முடியும்.

நூல்கடை கணக்கன்:
97-இல் ஓடுகிறது. 88-இன் இமேஜை (கெர்னல் ஃபைல் உள்ள பேக்கேஜ்) மட்டும் பர்ஜ் செய்யப் போனேன். அதை எடுத்துவிட்டு, அதே 88-இன் ‘அன்சைன்டு’ (கையொப்பமில்லாத) இமேஜைப் புதிதாக நிறுவட்டுமா என்று கேட்கிறது! ஒய் அழுத்த விரல் போய்விட்டது, நல்ல வேளை நிறுத்தினேன்.

பழைய டெபியன்:
கூடுதல் டிரைவர்கள் உள்ள மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா பேக்கேஜும் நிறுவியிருக்கிறீர்கள். அதற்கு ரெண்டில் ஏதாவது ஒரு இமேஜ் இருந்தாக வேண்டும், ஒன்றை எடுத்தால் ஆப்ட் இன்னொன்றைத் தேடும். இமேஜ், மாட்யூல்ஸ், மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ரா மூன்றையும் ஒரே வரியில் கொடுங்கள்.

ஆமாம், ஆட்டோரிமூவ் ஏன் தொடவில்லை? கையால் நிறுவியதைக் காட்டும் ஷோமேனுவலை ஆப்ட்-மார்க்கில் போட்டுப் பாருங்கள்.

நூல்கடை கணக்கன்:
வேலை முடிந்தது. 88, 91 ரெண்டும் போய், 101 உள்ளே வந்து, பூட் 72 சதவீதத்தில் நிற்கிறது.

ஷோமேனுவலில் எல்லாக் கெர்னலும் இருந்தன. வார் லாக்கில் ஆப்ட் ஹிஸ்டரி ஃபைலைத் தோண்டினேன். மாதம் திரும்பினால் பழையதைச் சுருக்கி வைத்துவிடுகிறது, இஸட்கிரெப் போட்டுத்தான் படித்தேன். நவம்பரிலிருந்து ஒவ்வொரு கெர்னலையும் நம்பரோடு இன்ஸ்டால் அடித்திருப்பது நானேதான். நான் ஆப்ட்-கெட் அப்கிரேடு போடுகிறவன். அது புதுப் பேக்கேஜைச் சேர்க்காது, கெர்னலை நிறுத்தி வைத்ததாகச் சொல்லும். பொறுக்காமல் கையால் பேர் அடித்திருக்கிறேன். முதலாளி கேட்டுப் போட்டது என்று ஆப்ட் மரியாதையாக வைத்துக்கொண்டது.

94, 97, 101 மூன்றையும் ஆட்டோ என்று மாற்றிவிட்டேன். புது கெர்னலுக்கு ரீபூட் ஞாயிற்றுக்கிழமைதான், கடை லீவு.

ராக்கோழி:
சரி அண்ணே, ஆர்எம் யோசனை வாபஸ். என் சர்வரில் அப்படி அழித்தது மூணு கெர்னல் இருக்கு, நானும் போய் நோட்டைச் சரிபண்றேன்.