ஓப்ரையன் உருளைக்கிழங்கு: வேகவைத்து வறுப்பதா, பச்சையாகவே வறுப்பதா?

இரும்புச்சட்டி:
அமெரிக்காவில் காலை நேரத்தில் முட்டையோடு தருகிற, குடைமிளகாயும் வெங்காயமும் சேர்த்த வறுவலான ஓப்ரையன் உருளைக்கிழங்குக்கு, கிழங்கை முதலில் வேகவைக்க வேண்டும் என்று போன வாரம் இங்கே மாடித்தோட்டம் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பச்சைக் கிழங்கை அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் ஈரம் போக ஒற்றிவிட்டு வறுங்கள். வேகவைத்தால் கிழங்கின் வாசனை தண்ணீரோடு போய்விடுகிறது.

மாடித்தோட்டம்:
அண்ணே, பச்சையாகப் போட்டு மூன்று முறை பார்த்துவிட்டேன். வெளியே கருகிவிடும், நடுவில் நறுக்கென்று இருக்கும். மாவுச்சத்து குழைவதற்கு 60, 70 டிகிரி செல்சியஸ் போதும். மேலே பொன்னிறம் வர 140 டிகிரியாவது வேண்டும். அதனால்தான் இரண்டையும் பிரித்துச் செய்கிறேன். உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, நன்றாக ஆறவிடுவேன். வெந்து லேசாகச் சிதைந்த ஓரங்கள்தான் பிறகு மொறுமொறுவென்று ஆகின்றன.

இரும்புச்சட்டி:
கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்களா? குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தக் கிழங்கு வேகுமுன் கருகத்தான் செய்யும். இன்னொன்று, ரஸட் போன்ற மாவுக் கிழங்கைக் கொஞ்சம் கூடுதலாக வேகவைத்துவிட்டால் பொடிமாஸ்தான் கிடைக்கும். மிதமான தீயில் எட்டு நிமிடம் மூடி வையுங்கள், அப்புறம் திறந்து வறுங்கள். உள்ளேயும் வெந்துவிடும்.

மாடித்தோட்டம்:
ஃப்ரிட்ஜில்தான் வைக்கிறேன், அது என் தவறு. ஆனால் மூடினால் ஆவி உள்ளேயே நிற்கும், கிழங்கு புழுங்கும். அதுவும் ஒரு வகையில் வேகவைப்பதுதானே?

குடைமிளகாய்:
இரண்டு பேரும் கிழங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த உணவு 1900களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பிறந்ததா, மன்ஹாட்டனில் பிறந்ததா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் சாதாரண வறுவலிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது சிவப்பு, பச்சைக் குடைமிளகாய்தான் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதைக் கிழங்கோடு சேர்த்துப் போட்டால் தண்ணீர் விட்டு மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும். வெங்காயமும் முன்னாலேயே விழுந்தால் கருகிக் கசக்கும். இரண்டையும் தனியாக வதக்கி, கடைசி இரண்டு நிமிடத்தில் சேருங்கள். சட்டியில் கிழங்கு ஒரே அடுக்காக இருக்கட்டும், குவிக்காதீர்கள்.

இரும்புச்சட்டி:
தனியாக வதக்குவது சரி. ஆனால் அதே சட்டியில் வதக்குங்கள், அடியில் ஒட்டியிருக்கும் கிழங்கின் சாரம் வெங்காயத்தில் ஏறும். வேகவைப்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

மாடித்தோட்டம்:
ராத்திரி வேகவைத்து மீந்த கிழங்கை என்ன செய்வீர்கள், அண்ணே? மேல்பக்கம் நன்றாக உலர்ந்திருக்கும், எண்ணெயில் பட்டதும் சிவக்கும். எங்கள் வீட்டில் இந்த உணவு அப்படித்தான் தொடங்கியது, நான் மாற்றப் போவதில்லை. கிழங்கை மட்டும் இன்றைக்கே ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைக்கிறேன்.