யோகோஹாமா, டோக்கியோ பக்கம் தெபோரி முறையில் பச்சை குத்தும் கலைஞர் யாரையாவது தெரியுமா?

ஜப்பானில் வசிப்பவர்களும் அங்கே போய்ப் பச்சை குத்திக்கொண்டு வந்தவர்களும் குழுவில் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். தோளிலிருந்து முழங்கை வரை ஒரு கெண்டை மீன், சுற்றிலும் அலைகள், மிதக்கும் மேப்பிள் இலைகள். இதைத் தெபோரியில், அதாவது கையாலேயே குத்திக்கொள்ள ஆசை. வெளிக்கோடுகளை மெஷினில் போட்டுவிட்டு நிழலையும் நிறத்தையும் மட்டும் கையால் ஏற்றுபவர் என்றாலும் சம்மதம்தான்.

யோகோஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி என்ற பச்சை குத்தும் கலைஞர் செய்த முதுகு வேலைகளைப் படங்களில் பார்த்துப் பிடித்த பித்து இது. கோலின் நுனியில் கட்டிய ஊசிக்கொத்தை இடது கட்டைவிரல் மேல் சாய்த்து, தோலை இழுத்துப் பிடித்துக் குத்திக் குத்தி எடுக்கிறார்கள். கறுப்பு மெல்லச் சாம்பலாகக் கரையும் அந்த நிழலுக்கு ஈடே இல்லை. ஜப்பானிய ஓவியர் குனியோஷி 1827 வாக்கில் வரையத் தொடங்கிய பச்சை குத்திய வீரர்களின் அச்சோவியங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முன்பின் தெரியாத வெளிநாட்டவரை ஏற்றுக்கொள்ளும் கலைஞர்கள் யார்? மின்னஞ்சல் போதுமா, அறிமுகம் செய்துவைக்க யாராவது வேண்டுமா? ஒரே பயணத்தில் முடியாது. இடையில் ஒரு வருடம் விட்டால் சம்மதிப்பார்களா? பச்சை குத்த மருத்துவ உரிமம் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்ன பிறகு, அணுகுவது எளிதாகியிருக்கிறதா?

படம் அனுப்புவதாக இருந்தால், ஆறிய பிறகு எடுத்ததை அனுப்புங்கள். குத்திய அன்றைக்கு எல்லாமே பளபளக்கும். வெந்நீர் ஊற்றுக் குளியல்களில் உள்ளே விடமாட்டார்கள் என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், வீட்டில் தினமும் கேட்கிறேன்.