புது மவுத்வாஷ் மாற்றி மூன்று வாரம்: வாடை குறைந்தது, பல் பழுப்பாகிறது. நிறுத்தலாமா?

மாசிவீதி:
வணக்கம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை பத்து மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரைக்கும் பேச்சுதான். சேலையை விரித்து முந்தானையைக் காட்டும்போது வாங்க வந்தவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் இரண்டு முழம்கூட இருக்காது. போன மாதம் ஓர் அம்மா நான் விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பக்கத்து மெடிக்கலில் போய், வாய் வாடை அடிக்கிறது, பல் தேய்த்தால் ஈறில் லேசாக ரத்தமும் வருகிறது என்று சொன்னேன். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மவுத்வாஷ் கொடுத்து இரண்டு வேளை கொப்பளிக்கச் சொன்னார்கள். எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காலையும் இரவும் பல் தேய்த்த கையோடு பத்து மில்லி ஊற்றி அரை நிமிடம் கொப்பளிக்கிறேன், காலையில் அது முடிந்ததும் டீ. கடையில் இன்னும் நாலு டீ.

முதல் வாரம் நன்றாகவே இருந்தது, வாய் சுத்தமாக இருப்பது போலத் தோன்றியது, ரத்தமும் குறைந்தது. இப்போது மூன்று வாரம் ஆகிறது. கீழ் முன்பற்களின் இடுக்கில் பழுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், குழம்பில் உப்பே தெரிவதில்லை. வீட்டில் மற்றவர்கள் சரியாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு மட்டும் சப்பென்று இருக்கிறது. பல்லை இது அரிக்கிறதா? உடனே நிறுத்திவிடலாமா, இல்லை வேறு வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
அண்ணா, முதலில் பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள். குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்று போட்டிருக்கிறதா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் பல் கிளினிக்கில் உதவியாளராகப் பதினோரு வருடமாக இருக்கிறேன், இந்தப் பழுப்பை மாதம் நாலு பேராவது காட்டுவார்கள்.

பயப்படாதீர்கள், பல் அரிக்கவில்லை. பல்லின் மேல் சாயம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த மருந்து வாய்த் தோலிலும் பல்லிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் கிருமியைத் தடுக்கும், அதனால்தான் இரண்டு வேளை போதும். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் டீ, காபியின் நிறமும் வந்து பிடிக்கும். உப்புச் சுவை மங்குவதும் இதே மருந்தின் வேலை, நிறுத்திய சில நாட்களில் நாக்கு பழையபடி ஆகிவிடும். பல் பிடுங்கிய பிறகு, ஈறு ஆபரேஷனுக்குப் பிறகு, ஈறு வீங்கியிருக்கும்போது என்று டாக்டர் ஒரு வாரம், இரண்டு வாரம் எழுதிக் கொடுப்பது இது. தினசரி வாசனைக்காக வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. யாருமே இதை உங்களிடம் சொல்லாமல் பாட்டிலை மட்டும் கொடுத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, பல் தேய்த்த கையோடு கொப்பளித்தது. பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் குளோர்ஹெக்சிடினும் சேர்ந்தால் மருந்தின் வலு போய்விடும், நடுவில் அரை மணி நேரமாவது விட வேண்டும். ஃப்ளோரைடு கலந்த சாதாரண மவுத்வாஷ் என்றாலும் பல் தேய்த்தவுடன் வேண்டாம். பேஸ்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அளவில் இருக்கும், தினமும் உபயோகிக்கும் மவுத்வாஷில் சுமார் 225தான். கெட்டியாக இருப்பதைக் கழுவிவிட்டு நீர்த்ததை ஊற்றுவது போல ஆகிவிடும். அந்தச் சாதாரண மவுத்வாஷை மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொப்பளியுங்கள், அதற்கப்புறம் அரை மணி நேரம் எதுவும் குடிக்காதீர்கள்.

தயவுசெய்து அந்தப் பழுப்பை உப்பு, கரித்தூள், எலுமிச்சை என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். அதுதான் உண்மையிலேயே எனாமலைக் கெடுக்கும். கிளினிக்கில் பாலிஷ் செய்தால் ஒரே தடவையில் போய்விடும்.

மாசிவீதி:
பார்த்தேன், அதேதான், 0.2 சதவீதம். இன்றிலிருந்து நிறுத்திவிட்டேன். ஆனால் நிறுத்தினால் வாடை திரும்ப வந்துவிடுமே என்ற பயம்தான் இப்போது.

வேப்பங்குச்சி:
தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வகுப்பில் முப்பத்தொரு வருடம் பேசியிருக்கிறேன், அதனால் உங்கள் கவலை எனக்கு நன்றாகப் புரிகிறது. நாக்கு வழிக்கிறீர்களா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. வாடையில் பெரும்பகுதி நாக்கின் பின்பக்கத்தில் படியும் வெள்ளைப் படிவத்திலிருந்து வருவது. முன்னால் மட்டும் பேருக்கு இழுத்துவிட்டு வந்துவிடுகிறோம். குமட்டல் வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து மெதுவாக மூன்று நாலு தடவை இழுத்தால் வருவதைப் பாருங்கள், மவுத்வாஷ் எதைத்தான் மூடிவைத்தது என்று தெரியும்.

நான் வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் கொப்பளிக்கிறேன், வாய் வறட்சி எனக்கு அதில்தான் குறைந்தது. மற்ற நாட்களில் ஒரு டம்ளர் வெந்நீரில் அரை ஸ்பூன் உப்பு. கடையில் வாங்கும் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நொய்யல்கரை:
அம்மா சொல்லும் நாக்கு விஷயம் முழுக்க உண்மை. அங்கே காற்றுப் படாத இடத்தில் வாழும் கிருமிகள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் உண்டாகும், அழுகிய முட்டையில் வரும் அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு. உப்புத் தண்ணீரும் ஈறுக்கு இதம்தான். எண்ணெய் கொப்பளிப்பதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் (சிங்க்கில் மட்டும் துப்பாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்). ஆனால் அண்ணனுக்கு ஈறில் ரத்தம் வருகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஈறோரம் கெட்டியாகப் பிடித்த காரை. அது எண்ணெயிலும் கரையாது, உப்பிலும் கரையாது, எந்த மவுத்வாஷிலும் கரையாது. ஸ்கேலிங் செய்துதான், அதாவது கிளினிக்கில் கருவியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இதை விட்டுக்கொடுத்துப் பேச என்னால் முடியாது அம்மா, மன்னிக்கவும்.

வேப்பங்குச்சி:
மன்னிப்பு எதற்கு, சரியாகத்தானே சொல்கிறீர்கள். நானும் வருடம் ஒரு தடவை க்ளீனிங் செய்துகொள்கிறேன், அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தெற்குவாசல்:
நானும் நாள் முழுக்க நின்று பேசும் வேலைதான், மொபைல் கடை. தும்மலுக்காகத் தினமும் செட்ரிசின் போட்டுக்கொண்டிருந்தேன், வாய் காய்ந்து போய் வாடை அடித்தது. எச்சில் ஊறாத வாயில் கிருமி கூடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அதற்கு முன் நான் வாங்கியது ஆல்கஹால் கலந்த, நாக்கு எரியும் மவுத்வாஷ். எரிந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன், ஆனால் எனக்கு அது வாயை இன்னும் காயவைத்தது. இப்போது ஆல்கஹால் இல்லாதது, சிபிசி (செட்டில்பிரிடினியம் குளோரைடு என்ற கிருமிக்கொல்லி) என்று போட்டிருக்கும், மத்தியானம் ஒரு தடவை. கல்லாவுக்குக் கீழே தண்ணீர் பாட்டில். மாசிவீதி அண்ணே, நாலு டீயில் இரண்டைக் குறைத்துத் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

மாசிவீதி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன், கேட்டுவிட்டு அப்படியே போய்விடக் கூடாது இல்லையா. ஸ்கேலிங், பாலிஷ் இரண்டும் முடிந்தது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை சுவர் மாதிரி இருந்ததைக் கண்ணாடியில் காட்டினார்கள். எச்சில் சுரந்து விழும் இடம் அதுதானாம், எல்லாருக்கும் அங்கேதான் அதிகம் படியுமாம். கூடவே மேலே கடைவாய்ப் பல் இரண்டுக்கு நடுவில் உணவு போய் அடைந்து அழுகிக்கொண்டிருந்தது, அங்கே பிரஷ் எட்டவே எட்டாது. இப்போது ராத்திரி அந்த இடுக்கில் மட்டும் நூல் விட்டு எடுக்கிறேன். ஈறு இப்படி இருப்பதால் சர்க்கரையும் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன், இல்லை. பழுப்பு போய்விட்டது. குழம்பில் உப்பு தெரிகிறது! வாடை இருக்கிறதா என்று மனைவியிடம் தினமும் கேட்கிறேன், காலையில் எழுந்தவுடன் தவிர இல்லை என்கிறாள்.

மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். நான் அந்த மவுத்வாஷைக் கொப்பளித்ததைப் பார்த்து ஐந்து வயது மகளும் கேட்டு அடம் பிடிக்கிறாள். இரண்டு சொட்டு தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா?

நொய்யல்கரை:
வேண்டாம் அண்ணா. ஆறு வயதுக்குள் குழந்தைகளுக்குச் சரியாகத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடக்கூடும். மீதியிருக்கும் அந்தப் பாட்டிலையும் அவள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வெறும் தண்ணீரை ஒரு சின்னக் கப்பில் கொடுத்து உங்களோடு நின்று கொப்பளிக்கச் சொல்லுங்கள், அவளுக்கு அது போதும்.