பாதி வழியில் திரும்பிய விமானம்: பைலட் பயந்துவிட்டாரா?

பொருநைக்கரையான்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். எங்கள் சித்தப்பா போன மாதம் சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு (தூத்துக்குடி விமான நிலையம்) ஏடிஆர் என்ற சிறிய ரக விமானத்தில் கிளம்பினார். மறுநாள் அம்பையில் மச்சினர் மகளுக்கு நிச்சயதார்த்தம். கிளம்பி இருபது நிமிடம் இருக்கும், ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்துவிட்டு பைலட் சென்னைக்கே திருப்பிவிட்டார். மாற்று விமானம் கிடைக்காமல் நிச்சயதார்த்தத்துக்கு வர முடியவில்லை. "ஒரு ஆட்டம் இல்ல, சத்தம் இல்ல. சின்னப் பையன், பயந்துட்டான். பழைய ஆளா இருந்தா கொண்டுவந்து சேர்த்திருப்பான்" என்று இன்னமும் கோபமாக இருக்கிறார். நடுவானில் கருவி பழுதானால் பைலட் எதை வைத்து முடிவெடுப்பார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தச்சநல்லூர் மைந்தன்:
சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சில கருவிகள் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்று ஒரு பட்டியலே உண்டாமே? அப்புறம் ஏன் திரும்ப வேண்டும்?

பாளை ஃபிட்டர்:
விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தச்சநல்லூர் தம்பி சொல்வது எம்இஎல் பட்டியல். அது தரையில் நிற்கும் விமானத்துக்கு. என்ன பழுது என்று பொறியாளர் பார்த்து, கையெழுத்துப் போட்டு, இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைத்து அனுப்புவார். வானத்தில் பைலட்டுக்குத் தெரிவது ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும். கெட்டது சென்சாரா, குழாயா என்று இறங்கி எட்டிப் பார்க்க முடியாது. கையேட்டில் உள்ளதைச் செய்வார், நீளமான ஓடுபாதையும் பழுது பார்க்க ஆளும் எங்கே என்று யோசிப்பார். சென்னை பக்கத்தில் இருக்கும்போது திரும்பியதில் என்ன குறை?

நான் மதித்த பைலட்டுகள், இறங்கியதும் நேரே வந்து எந்த உயரத்தில், என்ன வேகத்தில், எந்த முள் ஆடியது என்று ஸ்னாக் (பழுதுக் குறிப்பு) எழுதிக் கொடுத்தவர்கள். "லேசா அதிர்ந்துச்சு, அப்புறம் சரியாயிட்டு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போகிறவரை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.

2018 அக்டோபர் 28 இரவு, பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸில் கேப்டன் பக்கத்துக் கட்டுப்பாட்டுத் தண்டு வழிநெடுக அதிர்ந்து எச்சரித்துக்கொண்டே இருந்தது. விமானத்தின் மூக்கு தானாகக் கீழே இறங்கியது. சமாளித்து ஜகார்த்தா வரைக்கும் ஓட்டிவிட்டார்கள். பதிவேட்டில் வேகம், உயரம் காட்டும் கருவிகளில் கோளாறு என்று எழுதினார்களே தவிர, தண்டு அதிர்ந்ததையும், மூக்கைத் தானாக இறக்கிய டிரிம் அமைப்பின் சுவிட்சை அணைத்ததையும் எழுதவில்லை. மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் போனார்கள். வடிவமைப்புக் குற்றம் பெரியது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வரிகள் எழுதப்பட்டிருந்தால் பொறியாளர் வேறு இடத்தில் தேடியிருப்பார். சேர்த்துவிட்டோம் என்று நினைத்த இரவு அது. உங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பொருநைக்கரையான்:
சொல்கிறேன் அண்ணாச்சி. ஆனால் அனுபவசாலி என்றால் வேறு மாதிரி கையாண்டிருப்பார் என்பார். திருச்சியில் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றியதே, அது ஏன் உடனே இறங்கவில்லை?

பாளை ஃபிட்டர்:
அனுபவம் மட்டும் போதாது தம்பி. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் யுனைடெட் நிறுவனத்தின் 173-ஆம் எண் விமானம் விழுந்ததே, அதன் கேப்டன் மூத்தவர்தான். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற கவலையிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றினார். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னது அவர் மனதில் ஏறவில்லை. எஞ்சின்கள் நின்று விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். இளையவர் அழுத்திச் சொல்லவும் மூத்தவர் காது கொடுக்கவும் பயிற்சி வேண்டும் என்று 1981-ல் அந்த நிறுவனமே தொடங்கியது. இன்று உலகமெங்கும் அது கட்டாயம்.

திருச்சியில், 2024 அக்டோபர் 11 அன்று, ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் சக்கரம், பிரேக் போன்றவற்றை இயக்கும் அமைப்பு) கோளாறு. அந்த 737-ல் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. கிளம்பும்போது இருக்கும் எடை இறங்குவதற்கு அதிகம், எரிபொருளை எரித்து அதைக் குறைக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும். பத்திரமாக இறக்கினார்கள். சித்தப்பா வந்த ஏடிஆரில் கிளம்பும் எடைக்கும் இறங்கும் எடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் சுற்றாமல் நேரே வந்து இறங்க முடிந்திருக்கும்.